போகிக்கு முன் அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள்



மார்கழி பிறந்துவிட்டது. விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கி நம்மை எழுப்பிவிடுகிறது. வீட்டில் பிள்ளைகளுக்குத் தை பிறக்கும்வரை பொறுமையில்லை. நமக்கோ ஒட்டடை, தரை, திரைச்சீலை, பானை வாங்குவது என்று வேலை வரிசை கட்டி நிற்கிறது.

சென்ற இதழில் சமையற்கட்டு அலமாரியில் எறும்பு ஏறாமலிருக்கச் சில வழிகள் எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு சுங்கை சிப்புட் பக்கமிருந்து ஒரு சகோதரி கடிதம் போட்டிருக்கிறார். “டீச்சர், என் மாமியார் காலத்து இரும்புப் பெட்டி ஒன்று கட்டிலுக்கடியில் கிடக்கிறது. திறந்தால் கரப்பான்தான் ஓடுகிறது. உள்ளே முழுக்கப் பழைய காகிதம். இந்தப் போகிக்கு அப்படியே தூக்கிப் போட்டு எரித்துவிடலாமா? இடமாவது மிஞ்சும்” என்று கேட்கிறார்.

வேண்டாம் அம்மா, வேண்டாம். இந்த மாதம் மற்ற விஷயங்களை ஒதுக்கி வைத்துவிட்டு உங்கள் பெட்டியைப் பற்றியே பேசப்போகிறேன்.

எரிக்க வேண்டியது எது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிழிந்த பாய், தேய்ந்த துடைப்பம், உளுத்த பலகை, சென்ற ஆண்டுக் காலண்டர், இவை போகட்டும். பிளாஸ்டிக் பையையும் ரப்பர் காலணியையும் நெருப்பில் போடாதீர்கள். அந்தப் புகை தொட்டிலில் படுத்திருக்கும் குழந்தைக்கு ஆகாது. நல்ல சேலையைக்கூடச் சிலர் போகியில் போடுகிறார்கள். துவைத்து மடித்து வேண்டியவர்களுக்குக் கொடுத்தால் அவர்களாவது பொங்கலுக்கு உடுத்துவார்கள். ஆனால் காகிதம் என்று எது கையில் வந்தாலும், அதிலும் முத்திரை குத்தியதோ, கைந்நாட்டு வைத்ததோ, எண் போட்டதோ எதுவானாலும், வாசலுக்குப் போகக் கூடாது. மலாயிலும் இங்கிலீஷிலும் இருக்கிறது, நமக்கு வாசிக்கத் தெரியவில்லை என்பதற்காகப் போடுவதுதான் மிகவும் கூடாதது. வாசிக்கத் தெரிந்தவர் வரும்வரை அது பெட்டியிலேயே இருக்கட்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடத்தில் இருப்பதால் இதை நான் அருகிலிருந்து பார்க்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் ஆறாம் ஆண்டுப் பையன் ஒருவன் படித்தான். கணக்கில் கெட்டிக்காரன். 12 வயதானதும் பிள்ளைகளெல்லாம் பெற்றோருடன் ஈப்போவுக்குப் போய் அடையாளக் கார்டு எடுத்துவந்து, ஒருவர் படத்தை ஒருவர் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இவன் மட்டும் பேசாமலிருந்தான். காய்ச்சல் என்றான், அப்பாவுக்கு லீவு இல்லை என்றான். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. தகப்பனாருக்கு நீல அடையாளக் கார்டு உண்டு. தாயாருக்கு எந்தக் கார்டும் கிடையாது, பிறப்புப் பத்திரமும் கிடையாது. கல்யாணம் கோயிலில் நடந்தது, பதிவு செய்யவில்லை. ஆகவே பையனின் பிறப்புப் பத்திரத்தில் அவன் இந்நாட்டுக் குடிமகன் அல்லன் என்று எழுதியிருந்தது. அவன் பிறந்ததும் தோட்டத்தில்தான். அவன் பாட்டி பிறந்ததும் தோட்டத்தில்தான்.

சட்டம் இதில் எப்படி என்று சுருக்கமாகச் சொல்கிறேன், கவனித்துப் படியுங்கள். பதிவுத் திருமணம் செய்யாத பெற்றோருக்குப் பிள்ளை பிறந்தால், குடியுரிமை விஷயத்தில் பிள்ளை தாயைத்தான் சார்ந்திருக்கும். தகப்பனார் நீலக் கார்டு வைத்திருந்தாலும் பிள்ளைக்கு அது உதவாது. பிள்ளை பிறந்த பிறகு ஓடிப்போய்க் கல்யாணத்தைப் பதிந்தாலும் சிக்கல் தானாகத் தீர்ந்துவிடாது. பிறந்த நேரத்தில் பதிவு இருந்ததா என்றுதான் கேட்பார்கள்.

அந்தப் பையனின் வழக்கு எப்படித் திரும்பியது தெரியுமா? அவன் தாயாரைப் பெற்ற பாட்டி காலமாகிவிட்டார். அவருடைய தகரப் பெட்டி மாமா வீட்டில் இருந்தது. முந்தின போகியன்றே அதை எரிப்பதற்கு வாசலுக்குக் கொண்டுவந்து வைத்தார்களாம். மழை பிடித்துக்கொண்டதால் மறுபடியும் உள்ளே போய்விட்டது. அதைத் திறந்து பார்த்தால், அடியில் விரித்த பத்திரிகைத் தாளுக்கும் கீழே, பாட்டியின் பிறப்புப் பத்திரம் கிடந்தது. 1959ஆம் ஆண்டுப் பத்திரம். அதோடு தோட்ட மருத்துவமனையில் கொடுத்த பழைய அட்டை ஒன்று. பாட்டி பெண் குழந்தை பெற்ற தேதி அதில் டிரசர் கையெழுத்தில் இருந்தது.

1957 ஆகஸ்ட் 31 சுதந்திரம் பெற்ற நாள் முதல் 1962 செப்டம்பர் முடியும்வரை மலாயாக் கூட்டரசில் பிறந்தவர்களுக்கு, பிறந்த ஒரே காரணத்தால் குடியுரிமை உண்டு. பெற்றோர் யார், எந்தக் கார்டு என்ற கேள்வி அந்த ஐந்து ஆண்டுக்கு இல்லை. 1962க்குப் பிறகுதான் பெற்றோரின் நிலையையும் பார்க்கும் விதி வந்தது. ஆகவே பாட்டி குடிமகள். பாட்டி குடிமகளானால் இந்நாட்டில் பிறந்த அவர் மகளும் குடிமகள். மகள் குடிமகளானால் தாயைச் சார்ந்த பேரனுக்கும் வழி பிறந்துவிட்டது. இரண்டு பழைய தாள்கள், மூன்று தலைமுறை. சும்மா நடந்துவிடவில்லை, தாமதப் பிறப்புப் பதிவு, சாட்சி, சத்தியக் கடிதம், மீண்டும் மீண்டும் பஸ் ஏறி ஈப்போ என்று அலைந்தார்கள். கார்டு கைக்கு வந்தபோது அவன் நான்காம் படிவத்துக்குப் போய்விட்டான். ஆனால் வந்தது.

மழை பெய்யாமலிருந்தால்?

நம் குடும்பங்களில் இந்தக் காகிதக் குறை ஏன் இத்தனை இருக்கிறது என்று இளைய சகோதரிகள் நினைக்கலாம். பாட்டன்மார் அசட்டையாக இருந்தார்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வருவதில்லை. மலாயாவில் அடையாளக் கார்டு என்பதே 1948இல் வந்ததுதான். அந்த ஆண்டு ஜூன் 16ஆம் தேதி நமது பேராக்கில், சுங்கை சிப்புட் பக்கத்தில், எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலுமாக மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறந்தது. யார் ஊரார், யார் காட்டிலிருந்து வந்தவர் என்று பிரித்தறியவே கார்டு கொடுத்தார்கள். அதாவது நம் பெரியவர்கள் முதன்முதலில் பார்த்த அரசாங்கக் காகிதம், உரிமை என்று வரவில்லை. சோதனைச் சாவடியில் நீட்டுவதற்கென்று வந்தது. சாவடி போனதும் அதன் மதிப்பும் போய்விட்டது என்று அவர்கள் எண்ணியதில் வியப்பென்ன?

சுதந்திரத்திற்குப் பிறகு குடியுரிமைக்கு விண்ணப்பம் செய்யலாம் என்றபோது, விடியுமுன் பிரட்டுக் களத்தில் நின்று, நிரை வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துத் திரும்பும் மனிதருக்கு டவுனுக்குப் போக நாள் எங்கே? ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. அந்த அலட்சியத்துக்கு விலையும் கொடுத்தார்கள். 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் வேண்டும் என்று வந்தபோது, சிவப்புக் கார்டுக்காரர்கள் ஆயிரக்கணக்கில் தோட்டத்தை விட்டுக் கப்பலேறினார்கள். சிலர் மனைவி மக்களை இங்கேயே விட்டுப் போனார்கள். 2011இல் மைடாஃப்தார் என்ற இயக்கம் நடத்திப் பத்திரமில்லாத இந்தியர்களைப் பதிவு செய்ததையும் நினைத்துப் பாருங்கள். சுதந்திரமடைந்து ஐம்பது ஆண்டு கழிந்த பிறகும் அது தேவைப்பட்டது.

இனி பெட்டிக்கு வருவோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையை இதற்கென்று ஒதுக்குங்கள். மழைநாள் வேண்டாம், தாள் ஈரம் குடிக்கும். தரையில் பழைய வேட்டியை விரித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். புந்தோங் கச்சாங் பூத்தே ஒரு பொட்டலம் வாங்கி வைத்தால் யாரும் எழுந்து போகமாட்டார்கள். எண்ணெய்க் கையால் மட்டும் பத்திரத்தைத் தொடவிடாதீர்கள். வீட்டில் பெரியவர் இருந்தால் அவரே நடுவில் உட்காரட்டும். இது யார் படம், இது எந்தத் தோட்டம், இவர் ஏன் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கிறார் என்று பிள்ளைகள் கேட்கக் கேட்க, அவர் வாய் திறப்பார். எங்கள் வீட்டில் என் மாமனார் அப்படித்தான் ஒரு மாலை முழுவதும் பேசினார். தொலைக்காட்சியைப் போட யாருக்கும் நினைவு வரவில்லை.

பெட்டியில் என்னென்ன கிடைக்கும்? பிறப்பு, இறப்புப் பத்திரங்கள் நீங்கள் எதிர்பார்ப்பவை. எதிர்பாராதவையும் உண்டு. மங்கிப்போன சம்பளச் சீட்டுக் கட்டு இருந்தால் அலட்சியம் செய்யாதீர்கள், குறிப்பாக இன்னும் வேலையிலிருப்பவருடையது. நம் வட்டாரத்தில் எத்தனை தோட்டங்கள் கைமாறிவிட்டன! பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய்த் தாமான் வந்தது. அப்படி வேலை போகும்போது கொடுக்க வேண்டிய நஷ்ட ஈட்டுக்கு 1980ஆம் ஆண்டு விதிமுறை இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் என்றால் ஆண்டுக்கு 15 நாள், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். இதற்குக் குறைந்தது 12 மாதம் தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். முப்பது ஆண்டு வெட்டினேன் என்று வாயால் சொல்வதும் சீட்டை எடுத்து நீட்டுவதும் ஒன்றாகுமா? கணக்குப் புத்தகம் கம்பெனியிடம்; சீட்டுத்தான் நம்மிடம்.

தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரமும் அகப்படலாம். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960இல், நமது சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் தொடங்கிய சங்கம் அது. தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் பங்கு சேர்த்தார்கள். ஒரு பங்கு நூறு வெள்ளி. மொத்தமாகக் கொடுக்க யாரிடம் இருந்தது? தவணையில் கட்டினார்கள். பாட்டன் மறைந்தால் பங்கு மறைந்துவிடாது. வாரிசுகள் இறப்புப் பத்திரத்தோடும் உறவை நிரூபிக்கும் பத்திரங்களோடும் சங்கத்தில் விசாரிக்கலாம். எரித்துவிட்டால் எதைக் காட்டி விசாரிப்பது?

ஊழியர் சேமநிதி ஏடுகளும் அப்படித்தான். சேமநிதி 1951இல் வந்தது. இறந்தவர் யார் பெயரை நியமித்திருந்தார் என்று பார்க்கும்போதுதான் பல வீடுகளில் சங்கடம் தொடங்குகிறது. கல்யாணத்திற்கு முன் அம்மா பெயரைக் கொடுத்திருப்பார். மனைவி வந்து, மூன்று பிள்ளையும் வந்து, பேரனும் வந்திருப்பான், பெயர் மட்டும் மாறியிராது. அம்மா என்றைக்கோ போய்ச் சேர்ந்திருப்பார். உங்கள் வீட்டுக்காரரிடம் இதைக் கேளுங்கள். ‘சாவைப் பற்றி இப்பொழுதே பேச்சா’ என்று கோபித்துக்கொள்வார். கேசரி செய்து கொடுத்துவிட்டுக் கேளுங்கள்.

கல்யாண விஷயத்தில் ஒரு தேதியை நினைவில் வையுங்கள்: 1982 மார்ச் 1. முஸ்லிமல்லாதோர் திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும் என்ற 1976ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் அது. அதற்கு முன் நம் வழக்கப்படி நடந்த திருமணத்தைச் சட்டம் பதிவானதாகவே ஏற்றுக்கொள்கிறது. ஆனால் நடந்தது என்பதற்குச் சாட்சி வேண்டுமே! பாட்டியின் கல்யாணப் பத்திரிகையும், மணவறையில் குனிந்த தலையோடு எடுத்த படமும் அங்கேதான் பயன்படும். மஞ்சள் தடவிய பத்திரிகையைப் பழசு என்று போட்டுவிடாதீர்கள். அந்தத் தேதிக்குப் பிறகு கட்டிய தாலிக்கு, பதிவுப் பத்திரம் இருந்தாக வேண்டும். கணவர் வேலையில் இறந்து, மனைவி சொக்சோ உதவித்தொகை கேட்கப்போகும் நாளில் முதலில் கேட்பதும் இதைத்தான். தையில் வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்கள், பந்தலுக்கும் மேளத்துக்கும் சொல்வதற்கு முன்பே பதிவிலாகாவுக்குப் போகட்டும். 21 நாள் முன்னறிவிப்புக் காலம் உண்டு. கோயிலில் தாலி கட்டியதோடு முடிந்தது என்று இன்னும் எத்தனை பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்!

பெயர்களை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அன்றைய மாலையின் பெரிய வேலை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பாருங்கள். தோட்டக் கிராணி காதில் விழுந்ததை எழுதினார், பதிவு செய்தவர் தம் மொழிக்கு ஏற்றபடி எழுதினார். முனியம்மா ஒரு தாளில் மூனியமா, இன்னொன்றில் முன்னியாமாள். ராமசாமியின் மகன் ராமுவின் மகனாகிவிடுகிறார். பிறந்த ஆண்டுகூட ஒன்றிரண்டு மாறியிருக்கும், ஏனென்றால் தீபாவளிக்கு மறுவாரம் பிறந்தவன் என்பதுதான் அன்றைய கணக்கு. வித்தியாசம் தென்பட்டால் பயப்பட வேண்டாம். ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு, வீட்டில் துக்கமோ அவசரமோ வருமுன், சாவகாசமான நாளில் பதிவிலாகாவுக்குப் போய் என்ன செய்யலாம் என்று கேளுங்கள். பிணம் வீட்டிலிருக்கும்போது எழுத்துப் பிழையோடு மல்லுக்கட்டிய குடும்பங்களை நான் அறிவேன்.

சரி, அடுக்குவது எப்படி? பிறப்புப் பத்திரங்களெல்லாம் ஓர் உறையில், பள்ளிச் சான்றிதழ்களெல்லாம் இன்னோர் உறையில் என்று சிலர் பிரிக்கிறார்கள். எனக்கு அது சரிப்படவில்லை. ஆளுக்கோர் உறை என்பதுதான் நல்லது. பதிவு நாளில் அம்மா ஒருத்தி கைக்குழந்தையோடு பள்ளிக்கு ஓடிவரும்போது, ஒரே உறையை உருவிக்கொண்டு வந்தால் போதும். தேடினால் அழும் பிள்ளை இரண்டாகிவிடும். பெரிய பழுப்பு உறை வாங்கி, மேலே ஆளின் பெயரையும் அடையாளக் கார்டு எண்ணையும் பெரிதாக எழுதுங்கள். காலமானவர்களுக்கும் உறை உண்டு. அவர்கள் உறைதான் அதிகம் தேவைப்படுகிறது. வீடு, நிலம், தண்ணீர், மின்சாரம் இவற்றுக்குத் தனியாக ஒன்று. உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஒரு சீட்டு எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். எடுத்துப் போகிறவர் அதில் தேதி போட்டுவிட்டு எடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் இந்தச் சட்டம் எனக்கும் உண்டு.

எதில் வைப்பது என்பதில் நம்மவர்களின் கற்பனைக்கு அளவில்லை. மெத்தைக்கடியில், தலையணை உறைக்குள், அரிசி டின்னில், காலண்டருக்குப் பின்னால், எல்லாம் பார்த்திருக்கிறேன். மிகவும் பரவலானது சாமி படத்துக்குப் பின்னால் வைப்பது. பக்தி நல்லதுதான். ஆனால் அங்கே விளக்கெண்ணெய் வழிகிறது, குங்குமம் சிந்துகிறது, கற்பூரம் எரிகிறது. பத்திரத்தைச் சாமி காப்பாற்றட்டும் என்று விட்டுவிட்டு நெருப்பைப் பக்கத்திலேயே வைப்பது என்ன நியாயம்? கொங் குவான் பிஸ்கட் வந்த பெரிய சதுர டின், இறுக்கமான மூடியோடு இருந்தால், அதைவிட நல்ல பெட்டி காசு கொடுத்தாலும் கிடைக்காது. கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, உள்ளே துரு இருக்கிறதா என்று பார்த்து, வெள்ளைத் தாள் விரித்து வையுங்கள். பத்திரிகைத் தாள் விரிக்காதீர்கள், அதன் மஞ்சள் பத்திரத்திலும் இறங்கும். டின் தரையில் இருக்கக் கூடாது. கரையானும் வெள்ளமும் தரை வழியாகத்தான் வருகின்றன. உயரமான அலமாரித் தட்டு உத்தமம்.

பேராக்கின் புழுக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தைப்பிங் பக்கத்து மழையைச் சொல்ல வேண்டியதேயில்லை. ஈரம் பட்ட தாளுக்கு இராமபாணப் பூச்சி சொல்லாமல் வரும். காய்ந்த வேப்பிலையும் வசம்புத் துண்டும் துணியில் முடிந்து டின் மூலையில் வையுங்கள், தாளின்மேல் படவேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தீபாவளிக்கு முன் ஒன்று, வருடப் பிறப்புக்குப் பின் ஒன்று என்று திறந்து காற்றாட விட்டால் போதும். இரும்புக் கிளிப்பும் ரப்பர் வளையமும் வேண்டாம். ஒன்று துருவாகும், மற்றது உருகி ஒட்டிக்கொள்ளும். ரப்பர் நம்மை வாழவைத்ததுதான், ஆனாலும் பத்திரப் பெட்டியில் அதற்கு இடமில்லை.

பழைய பிறப்புப் பத்திரத்தை டவுன் கடையில் கொடுத்துச் சூடு போட்டு லேமினேட் செய்துவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். செய்யாதீர்கள். ஒட்டினால் பிரிக்க முடியாது, நலிந்த தாள் சூட்டில் நிறம் மாறும், திருத்தம் செய்யவோ முத்திரை வைக்கவோ இடமிருக்காது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறையில் தளர்வாகச் செருகினால் போதும். இரண்டு நகல் எடுத்து ஒன்றை அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ கொடுத்து வையுங்கள். பிள்ளைகளின் கைத்தொலைபேசியிலும் படம் எடுத்துக்கொள்ளலாம். படம் நினைவுக்குத்தான், அசல் அசல்தான்.

அசலை யாரிடமும் விட்டுவராதீர்கள். ‘நான் செய்து தருகிறேன்’ என்று வரும் ஏஜெண்டிடம் நகலைக் கொடுங்கள், அசலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்குங்கள். வட்டிக்காரரிடம் அடையாளக் கார்டையும் ஏ.டி.எம். கார்டையும் அடகு வைக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. பிறர் கார்டைத் தகுந்த காரணமின்றிப் பிடித்து வைப்பது சட்டப்படி குற்றம். பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

வீட்டில் அண்மையில் குழந்தை பிறந்திருந்தால், தீபகற்பத்தில் 60 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். முன்பு 14 நாளாக இருந்தது. பெயர் இன்னும் முடிவாகவில்லை, ஜாதகம் எழுத ஐயர் வரவில்லை, அத்தைக்கும் பெரியம்மாவுக்கும் பெயரில் சண்டை என்று நாளைக் கடத்தாதீர்கள். சண்டை நடந்தபடி நடக்கட்டும், 60 நாளுக்குள் ஒருவர் ஜெயிக்கட்டும்.

பொங்கல் முடிந்ததும் தைப்பூசம். ஈப்போவில் கல்லுமலைக்குப் போகிறவர்கள் கூட்டத்தில் பத்திரங்களைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். பெரியவர்கள் அடையாளக் கார்டை மட்டும் உள்பையில் வைத்துக்கொண்டு, சின்னஞ்சிறுசுகளின் சட்டைப் பையில் உங்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டை ஊசி குத்தி வையுங்கள். புந்தோங்கிலிருந்து காவடிகளோடு நடக்கும்போது ஒரு கை குழந்தைக்கு, ஒரு கை பால்குடத்துக்கு என்றால் மூன்றாவது கை நமக்கில்லை.

கடிதம் எழுதிய சகோதரிக்கு இன்னும் ஒரு வார்த்தை. உங்கள் மாமியார் பெட்டியில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். நிழலில், விசிறிக் காற்று நேராகப் படாமல், இரண்டு மூன்று நாள் வைத்திருந்து, ஓரத்திலிருந்து மெல்லத் தூக்கிப் பாருங்கள். வெயிலில் காயவைத்தால் மை வெளுத்துவிடும். கரப்பான் முட்டையை மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள், துணியால் தேய்த்தால் கறை பரவும். எழுத்து மறைந்து எண் மட்டும் தெரிந்தாலும் அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதிவிலாகாவில் அதைக் கொண்டு தேடச் சொல்லலாம். பெட்டியில் என்ன கிடைத்தது என்று எனக்கு எழுதுங்கள். உங்கள் மாமியார் பிறந்த ஆண்டு என்ன என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

அடுத்த இதழில், பொங்கலுக்கு வாங்கிய மண்பானையை அடுத்த ஆண்டுவரை விரிசல் விடாமல் வைத்திருப்பது பற்றி எழுதுகிறேன்.